காஜிமார் தெருவிலிருந்து கடல் கடந்து...

மதுரைச் சந்திப்பில் ரயிலை விட்டு இறங்கி, பெரியார் பேருந்து நிலையத்தைக் கடந்து சிறிது தூரம் நடந்தால் காஜிமார் தெரு வந்துவிடும். வெளியூர் வாசகர்களில் பலரும் அங்குள்ள பெரிய பள்ளிவாசலில் ஒரு வேளையேனும் தொழுதிருப்பீர்கள். 13ஆம் நூற்றாண்டில் யமன் தேசத்திலிருந்து வந்த காஜி சையத் தாஜுத்தீன் (ரஹ்) அவர்களுக்குப் பாண்டிய மன்னர் அளித்த நிலத்தில் எழுந்த பள்ளி அது என்று வழிவழியாகச் சொல்லி வருகிறோம். தூண்களின் குளிர்ச்சியும், ஹவுளில் ஒளூச் செய்வோரின் மெல்லிய சலசலப்பும், வெளியே ஆட்டோக்களின் இரைச்சலும் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் அங்கே கூடியிருக்கும்.

இந்தத் தெருவில் நிற்கும்போது ஓர் எண்ணம் தோன்றும். நம் பிள்ளைகள் வெளிநாடு செல்வதைப் பற்றியே நாம் எந்நேரமும் பேசுகிறோம். மதுரையோ நெடுங்காலமாக வெளிநாட்டிலிருந்து வந்தோருக்கு வேலை கொடுத்த ஊர். பாண்டியர் துறைமுகங்களுக்கும் பிற துறைமுகங்களுக்கும் ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் வந்திறங்கியதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதி வைத்துள்ளார். குதிரைகளோடு அவற்றை ஓட்டி வந்தவர்களும், கணக்கெழுதியவர்களும், மார்க்கம் கற்பித்தவர்களும் வந்தார்கள். ராவுத்தர் என்னும் பெயரிலேயே குதிரையின் குளம்படி கேட்கிறது.

அவ்வாறு வந்தவர்களுள் ஒருவரை இங்கே சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். அவர் இப்னு பதூதா. மொராக்கோ நாட்டின் தாஞ்சியர் நகரிலிருந்து 1325ஆம் ஆண்டு, தம் 21ஆம் வயதில், பெற்றோரைப் பிரிந்து தனியாகப் புறப்பட்டார். டமாஸ்கஸில் பெரியவர்களிடம் பாடம் கேட்டார். டில்லியில் காஜியாகப் பணிபுரிந்தார். மாலத்தீவிலும் காஜியாக இருந்தார். 1340களில் இலங்கையிலிருந்து வரும் வழியில் கப்பல் சிதைந்து நம் கரையில் ஒதுங்கினார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாஸுத்தீன், உறவுமுறையில் அவருக்குச் சகலை. ஆகவே அடைக்கலம் கிடைத்தது. அகன்ற வீதிகளை உடைய நகரம் என்று மதுரையைப் புகழ்ந்த அவரே, இங்கே பரவியிருந்த கொள்ளைநோயையும், தம் சகலையின் கொடுந்தண்டனைகளையும் மறைக்காமல் எழுதினார். தாமும் காய்ச்சலில் விழுந்து, பிழைத்தால் போதும் என்று இவ்வூரை விட்டு அகன்றார்.

இவரை நம் மேடைகளில் பயணத்தின் பெருமைக்கு உதாரணமாகக் காட்டுகிறோம். அதன் மறுபக்கத்தை யாரும் சொல்வதில்லை. 1348இல் டமாஸ்கஸுக்குத் திரும்பியபோதுதான், தம் தந்தை இறந்து 15 ஆண்டுகள் ஆகிவிட்டன என்ற செய்தி அவருக்குத் தெரிந்தது. தாயையாவது காணலாம் என்று ஊர் நோக்கிச் சென்றார். அவர் போய்ச் சேருவதற்குச் சில மாதங்களுக்கு முன் அந்தத் தாயும் கொள்ளைநோயில் மவுத்தாகிவிட்டார்.

வாசகர்களே, இவ்வளவும் எதற்காகச் சொல்கிறேன் என்றால், மக்ரிபுக்குப் பின் ஓத வரும் பிள்ளைகள் இப்போதெல்லாம் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். “ஹஜ்ரத், பிளஸ் டூ முடித்ததும் வெளிநாடு போய், படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம் என்கிறார்களே, உண்மையா?”

கேட்பவனுக்கு வயது 16 அல்லது 17. தாடி இன்னும் முளைக்கவில்லை. அவன் கையிலுள்ள செல்பேசியில் யாரோ ஒருவர் பனி பெய்யும் தெருவில் நின்றுகொண்டு, வா தம்பி என்று அழைக்கிறார். முற்காலத்தில் சபராளிகள் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவரும் அத்தரும் போர்வையும் ஊரை அழைத்தன. அழைப்பின் வடிவம் மாறியிருக்கிறது, அழைப்பு மாறவில்லை.

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியைப் பார்த்தவர்களுக்கு இந்த அழைப்பு ஏன் இத்தனை வலுவாகக் கேட்கிறது என்பது புரியும். மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறி வடகிழக்கே செல்லுங்கள். ஒத்தக்கடையில் யானைமலை படுத்திருக்கும். அதைத் தாண்டினால் மேலூர் வரை பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனம். 1895இல் அணை கட்டி முடிந்து, மேற்கே ஓடிய நீர் கிழக்கே திருப்பப்பட்ட பின்னரே இந்தப் பக்கம் நெல் நிலையாக விளைந்தது. தண்ணீர் வந்த ஆண்டு பச்சை. வராத ஆண்டு கடைமடையில் கருவேலம். கிழக்கே சிலைமான், திருப்புவனம் என்று வைகையோரமாகப் போனால், ஆறு இருக்கும். நீர் பெரும்பாலும் இராது. சாலையோர வயல்களில் நெல்லுக்குப் பதில் வண்ணம் பூசிய மனைக்கற்கள் நட்டிருக்கிறார்கள். இந்த நிலத்தை நம்பி எங்களைப் படிக்கச் சொல்கிறீர்களா என்று பிள்ளைகள் கேட்டால் பெற்றோரிடம் பதில் இல்லை.

இது புதிய கேள்வியும் அன்று. இதே சமவெளியிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் கங்காணிகளின் வாக்கை நம்பி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போயின. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பின், தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று வழி எளிதாயிற்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அந்த வழி இருந்தது. அன்று கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போனான். இன்று முகவர் முன்பணம் வாங்கிக்கொண்டு அனுப்புகிறார். யோசித்தால் அன்றையதைவிட இன்றையது முகவருக்கு ஆதாயமான ஏற்பாடு!

ஒரு முகவரின் விளம்பரத் தாளில், சீனா வரை சென்றாயினும் கல்வி தேடச் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற வாசகத்தை நபிமொழி என்று அச்சிட்டிருந்தார்கள். அதன் அறிவிப்பாளர் தொடரை ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஏற்கவில்லை என்பதை இவ்விடத்தில் சொல்லிவிடுவது என் கடமை. கல்விக்காகப் பயணம் செய்ய நமக்கு ஆதாரமில்லாத வாசகம் தேவையில்லை. மூஸா (அலை) அவர்கள் கல்வி தேடி நடந்த வரலாறு சூரா கஹ்ஃபில் இருக்கிறது. அவர்களும் உடன் சென்ற இளைஞரும் வழிக்கு உணவாக மீன் எடுத்துச் சென்றார்கள் என்பதையும் கவனியுங்கள்.

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் 16ஆம் வயதில் தாயாருடனும் சகோதரருடனும் ஹஜ்ஜுக்குச் சென்றார்கள். அவர்கள் இருவரும் புகாராவுக்குத் திரும்ப, இவர்கள் மட்டும் கல்விக்காகத் தங்கிவிட்டார்கள். தந்தையை இழந்த பிள்ளையை அந்தத் தாய் விட்டுவிட்டுப் போனது எப்படி? போகும் இடத்தைத் தாம் நேரில் பார்த்தார். பிள்ளை என்ன படிக்கத் தங்குகிறான் என்பதை அறிந்தார். முகவரின் அலுவலகத்தில் சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்து அனுப்பவில்லை.

சரி, மாணவனின் கேள்விக்கு வருவோம். படித்துக்கொண்டே சம்பாதிக்கலாமா? சம்பாதிக்கலாம்; ஆனால் எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் பாடக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமே வேலை செய்யலாம். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் இரண்டு வாரங்களுக்கு 48 மணி நேரம். கனடாவில் 2024 நவம்பர் முதல் வாரத்துக்கு 24 மணி நேரம். மலேசியாவிலோ பாடக் காலத்தில் அன்று, விடுமுறையில்தான் அனுமதி. அதுவும் உணவகம், பெட்ரோல் நிலையம் போன்ற சில இடங்களில் மட்டும். இந்த வருமானம் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் துணை நிற்கும். கல்விக் கட்டணத்தை அதிலிருந்து கட்டிவிடலாம் என்று சொல்பவர் கணக்குத் தெரியாதவர், அல்லது நமக்குக் கணக்குத் தெரியாது என்று நினைப்பவர்.

அந்நாட்டு அரசுகளே இதை அறியும். அதனால்தான் விசா கொடுக்குமுன் செலவுக்குப் பணம் காட்டு என்கின்றன. கனடா 2024 ஜனவரியில் அத்தொகையை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்த்தியது. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை என்பது உண்மையே. ஆயினும் ஓராண்டுச் செலவுக்கான பணத்தை முன்னரே வங்கியில் முடக்கி வைக்க வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ என நிர்ணயிக்கப்பட்டது. நம் பணத்தில் பத்து லட்சத்துக்கும் மேல். மேலும், நமது பிளஸ் டூ மட்டும் கொண்டு அங்கே நேராகப் பட்டப்படிப்பில் சேர இயலாது. இங்கே ஓராண்டு கல்லூரியில் படித்திருக்க வேண்டும், அல்லது அங்கே ஆயத்த வகுப்பு முடிக்க வேண்டும். கே.கே. நகரிலும் அண்ணா நகரிலும் மாடிக்கு மாடி தொங்கும் பலகைகளில் கட்டணமில்லாக் கல்வி என்ற சொற்கள் பெரிதாக இருக்கும். இந்த விவரம் இராது.

அதே ஜெர்மனியில் இளைஞர்களுக்கு இன்னொரு வழியுண்டு. ‘அவுஸ்பில்டுங்’ என்று பெயர். ஒரு நிறுவனத்தில் தொழில் பழகிக்கொண்டே தொழிற்பள்ளியில் படிப்பது; இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகள்; பழகும் காலத்திலேயே நிறுவனம் மாத ஊதியம் கொடுக்கிறது. செவிலியர் பணி, மின்பணி, இயந்திரப் பணி, சமையற்கலை எனப் பல துறைகள். நம் பட்டறைகளில் வேலை பழகும் பையன்களை நினைவூட்டும் முறை. ஆனால் சட்டமும் சான்றிதழும் உண்டு. இதற்கு விலையாகக் கேட்பது நிலத்தையன்று, மொழியை. ஜெர்மன் மொழியில் பொதுவாக ‘பி-1’ நிலை வரை தேற வேண்டும். ஊக்கமுள்ள பிள்ளைக்கு ஏறத்தாழ ஓராண்டு உழைப்பு. என்னைக் கேட்டால், பதினேழு வயதுப் பிள்ளையின் கேள்விக்கு மிக நெருங்கிய விடை இதுவே.

மார்க்கக் கல்வியில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு 1961இல் நிறுவப்பட்ட மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 17 முதல் 25 வயது வரையுள்ளோர் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம், தேர்ந்தெடுக்கப்பட்டால் கல்வியும் தங்குமிடமும் இலவசம், உதவித்தொகையும் உண்டு. விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. ஆகவே, மதீனாவில் இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் ஸலாம் சொல்லி எழுந்து வந்துவிடலாம்.

மருத்துவம் படிக்க அயல்நாடு அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோது நம் மாணவர்கள் பட்ட பாட்டைத் தொலைக்காட்சியில் கண்டோம். போர் எதிர்பாராதது, விதிகளோ எதிர்பார்க்கக் கூடியவை. நீட் தேர்வில் தகுதி பெறாமல் வெளிநாட்டில் படித்தால் இங்கே மருத்துவராகப் பதிய இயலாது. 2021 நவம்பரில் வந்த விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதங்கள், ஆங்கில வழியில் இருக்க வேண்டும். பின்னர் அங்கே 12 மாதப் பயிற்சி. திரும்பி வந்து எழுதும் தகுதித் தேர்வில் பெரும்பாலோர் முதல் முயற்சியில் தேறுவதில்லை. இவற்றைச் சொல்லாமல் கட்டணத்தை மட்டும் சொல்கிற இடத்தில் உங்கள் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

பணத்துக்கு என்ன செய்வது? சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் அளித்துவந்த ‘படோ பர்தேஷ்’ திட்டத்தை ஒன்றிய அரசு 2022–23இல் நிறுத்திவிட்டது. வட்டிக் கடன் வாங்கத் தயங்கும் குடும்பங்கள் நம்மில் உண்டு; அந்தத் தயக்கம் கேலிக்குரியதன்று, மதிக்கத்தக்கது. ஆனால் வங்கிக்கு வட்டி கொடுக்க அஞ்சி நிலத்தை அடிமாட்டு விலைக்கு விற்பதும், தெருக்கோடி அடகுக் கடையில் தாயின் நகையை வைத்து அங்கே அதைவிடக் கூடுதலாக வட்டி கட்டுவதும் எந்த ஊர் நியாயம்? ஜமாஅத்தின் பைத்துல்மாலும், வசதி படைத்தோரின் அழகிய கடனும் கல்யாண மண்டபங்களைக் குளிரூட்டுவதற்கு முன் இந்தப் பக்கம் திரும்பினால் எவ்வளவோ நன்மை.

இனி மதுரைக்குள்ளேயே செய்யவேண்டிய வேலைகள். முன்னெல்லாம் தென்மாவட்டத்தார் கடவுச்சீட்டுக்குத் திருச்சிக்கு ஓட வேண்டும். 2007இல் மதுரையிலேயே மண்டல அலுவலகம் வந்தது. ரேஸ் கோர்ஸ் சாலையில் இருக்கிறது. 15 வயது நிறைந்து 18 நிறையாத பிள்ளைகள் பத்தாண்டுக் கடவுச்சீட்டே பெறலாம். பத்தாம் வகுப்புச் சான்றை இணைத்தால் குடியேற்ற அனுமதி தேவை என்ற முத்திரை விழாது. அந்த முத்திரை விழுந்தவர்கள் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி பெற வேண்டியிருக்கும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தலாமா என்று யோசிக்கும் பிள்ளைகளிடம், அந்தச் சான்றிதழையாவது வாங்கிக்கொண்டு யோசி என்று நான் சொல்வது இதற்காகவும்தான்.

பெயர் விஷயம் சிறியதாகத் தோன்றும். பலருடைய பயணத்தை நிறுத்தியது அதுவே. நம் பிள்ளைகளுக்கு முகமது என்ற திருப்பெயரை முன்னே சேர்க்கிறோம். பிறப்புச் சான்றிதழில் அதை ஆங்கிலத்தில் ஒரு ‘எம்’ போட்டு எழுதுவார்கள். பள்ளியில் இரண்டு ‘எம்’. ஆதாரில் ‘ஓ’ இருந்த இடத்தில் ‘யு’. இம்மூன்றும் மூன்று வேறு மனிதர்கள் என்றே தூதரகக் கணினி எண்ணும். மேலும், தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை, முன்னெழுத்தோடு முடித்துக்கொள்கிறோம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைப் பார்வையாளர் விசாவில் அனுமதிக்க மறுத்தபோது விமான நிலையம் வரை சென்று திரும்பியவர்கள் உண்டு. ஆகவே ஒன்பதாம் வகுப்பிலேயே எல்லா ஆவணத்தையும் மேசைமேல் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னெழுத்தை அத்தாவின் முழுப்பெயராக விரித்து எழுதுங்கள்.

முகவரிடம் போகும்போது எழுத்தில் கேளுங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனம், சூரா பகராவின் 282ஆவது, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சி வைக்கப் பணிப்பது. தொழுகையில் அதை ஓதிவிட்டு, லட்சக்கணக்கில் ரொக்கமாகக் கொடுத்து ரசீது கேட்கக் கூசுகிறோம்! வேலைக்கு ஆளனுப்பும் முகவர் ஒன்றிய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவை அரசின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். தமிழ்நாடு அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று இருக்கிறது. 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன நம் மாநில இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு மியான்மரில் இணைய மோசடிக் கும்பல்களிடம் அகப்பட்டு மீட்கப்பட்டார்கள். அவர்கள் படிக்காதவர்கள் அல்லர், பட்டதாரிகளும் இருந்தார்கள்.

பெண்மக்கள் குறித்தும் கேட்பீர்கள். பெண்ணின் தனிப்பயணம் பற்றி மார்க்க அறிஞரிடையே உள்ள கருத்துகளை உங்கள் இமாமிடம் கேட்டறியுங்கள். ஆனால், வெளிநாடு அனுப்ப மாட்டோம் என்ற முடிவு, உள்ளூரில் படிக்க வைக்க மாட்டோம் என்பதாக மாறிவிடக் கூடாது. 1948இல் தொடங்கிய லேடி டோக் கல்லூரியும், 1966இல் தோன்றிய பல்கலைக்கழகமும் நம் ஊரில்தான் இருக்கின்றன. உலகின் பல நாடுகளிலிருந்து கண் மருத்துவர்கள் பயிற்சிக்காக வந்து தங்கும் அரவிந்த் மருத்துவமனை, 1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் ஆரம்பித்ததே. அயல்நாட்டார் கற்க வரும் ஊரில் இருந்துகொண்டு, இங்கே என்ன இருக்கிறது என்று நம் பிள்ளைகள் உதட்டைப் பிதுக்குவது சற்று வேடிக்கை.

மேலூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு தம் அத்தாவுடன் என்னைக் காண வந்தார். ஒரு ஏக்கர் பெரியாற்றுப் பாசன நிலத்துக்கு விலை பேசி முடிந்திருந்தது, முன்பணம் வாங்கவில்லை. “பையன் ஆசைப்படுகிறான் ஹஜ்ரத், மறுக்க மனம் வரவில்லை” என்றார் தகப்பனார். பையனோ தலை நிமிரவில்லை. “எந்தப் படிப்பு?” என்றேன். “அங்கே போய்ச் சொல்வார்கள்” என்று பதில் வந்தது. வெகுநேரம் பேசினோம். இறுதியில், நிலத்தைக் குத்தகைக்கு விடுவது, ஓராண்டு மொழி படிப்பது, தேறினால் மேற்கொண்டு யோசிப்பது என்று முடிவாயிற்று. காலையில் தல்லாகுளத்தில் ஒரு மின்சாதனப் பட்டறையில் வேலை பழகுகிறார். மாலையில் ஜெர்மன் வகுப்பு. முதல் இரண்டு நிலைகளைத் தேறிவிட்டார். மூன்றாவதில் ஒருமுறை தவறினார், மறுபடி பதிந்திருக்கிறார்.

அவருடைய தாயார் மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை. “தேறாமல் போனாலும் எனக்குச் சந்தோஷம்தான்” என்று வீட்டில் சொல்கிறாராம். மகன் அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். அவனியாபுரம் பக்கத்து விமான நிலையத்திலிருந்து 2012 செப்டம்பரில் கொழும்புக்குப் பறந்ததுதான் மதுரையின் முதல் அயல்நாட்டு விமானம். அதன் பின்னர் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் விமானங்கள் எழுந்தன. மேலூரிலிருந்து அங்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அந்தத் தாயை ஒருமுறை அங்கே அழைத்துப் போய்க் காட்டி வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். தேர்வு அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ்.